மஞ்சள் பலகைக்கு இரண்டு மடங்கு நேரம்: வெங்கன் நாட்குறிப்பு

சனி, வெங்கன்

சுவிட்சர்லாந்தில் நாங்கள் இருக்கும் பாசலில் காலை ரயிலைப் பிடித்து, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மலைக் கிராமமான வெங்கன் வந்து சேர்ந்துவிட்டோம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பெரியவன், ஐந்து வயதுச் சின்னவள், இவர்களோடு மன்னார்குடியிலிருந்து வந்திருக்கும் அத்தை. அத்தைக்கு 66 வயது. "மலைக்குப் போறோம்ங்கிறீங்க மாப்பிள்ளை, இந்த முட்டிய வச்சிக்கிட்டு என்னால ஆகுமா?" என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே போனில் கேட்டார். மலையை ரயிலும் கேபிள் காரும் ஏறிக்கொள்ளும், மேலே போய் நாம் நடந்தால் மட்டும் போதும் என்று சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறேன். குழந்தைகளிடமும் இதையேதான் சொன்னேன். பெரியவர்கள் மலைநடை என்றால் உச்சியை மனதில் வைத்துக் கிளம்புகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உச்சி என்று ஒன்று கிடையாது. அடுத்த தண்ணீர்த் தொட்டி எங்கே, அதுதான் கேள்வி.

இன்டர்லாக்கன் ஓஸ்டில் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். அங்கே கொஞ்சம் கவனம் தேவை. ஒரே வண்டி மாதிரி நிற்கும். ஆனால் ஒரு பாதி க்ரின்டெல்வால்டுக்கும் மறுபாதி லவுட்டர்புருன்னனுக்கும் போகும். நடுவழியில் ஸ்வைலூட்ஷினன் என்ற நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பார்த்து ஏறினால் பிரச்சினை இல்லை. பெரியவன் பிரியும் இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கதவருகே நின்றுகொண்டான். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.

லவுட்டர்புருன்னனில் இறங்கினால் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். வலப்பக்கச் சுவரிலிருந்து ஸ்டௌப்பாக் அருவி 297 மீட்டர் விழுகிறது. விழுகிறது என்று சொல்வதற்கில்லை. மேலே யாரோ உட்கார்ந்து மாவு சலிக்கிற மாதிரி பாதியிலேயே தூளாகிக் காற்றோடு போய்விடுகிறது. "தண்ணி ஏன் கீழ வரமாட்டேங்குது?" என்று சின்னவள் கேட்டாள். சரியான கேள்வி.

அங்கிருந்து வெங்கனுக்குப் பற்சக்கர ரயில். 1893இல் ஓட ஆரம்பித்தது. தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையைப் பார்த்ததும் அத்தை, "இது ஊட்டி ரயில்ல பாத்ததாச்சே" என்றார். கல்யாணமான புதிதில் மேட்டுப்பாளையத்திலிருந்து போயிருக்கிறாராம். ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் இந்த நாட்டு வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்து அனுப்பியவை என்று சொன்னேன். "அப்ப நம்ம வண்டிக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கோம்" என்று ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வெங்கனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காட்சி இல்லை. இந்த ஊருக்கு வெளியிலிருந்து கார் வர வழியே கிடையாது. 1,274 மீட்டர் உயரத்தில் ஒரு கிராமம், ரயில் மட்டும்தான் வரும். உள்ளே ஓடுவது சில சின்ன மின்சார வண்டிகள். பிள்ளைகளைக் கதவைத் திறந்து வெளியே விட்டுவிட்டு நிம்மதியாகச் சமைக்கலாம். ஹோட்டலுக்குப் பதில் சமையலறையோடு வாடகை வீடு. ரைஸ் குக்கர் பையில் வந்திருக்கிறது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே கூப் கடை இருப்பதால் தயிருக்கும் பாலுக்கும் கவலையில்லை.

ஞாயிறு, க்ரூட்ச்ஆல்ப் – மியூரன்

முதல் நடையை எப்போதும் சப்பென்று வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கே களைத்துவிட்டால் அப்புறம் வாரம் முழுக்க "இன்னிக்கும் நடக்கணுமா?" என்ற பாட்டுதான்.

லவுட்டர்புருன்னனில் நிலையத்துக்கு எதிரிலிருந்தே கேபிள் கார். சில நிமிடங்களில் க்ரூட்ச்ஆல்ப், 1,486 மீட்டர். அங்கிருந்து மியூரன்வரை நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, மெதுவான ஏற்றம், அகலமான பாதை. கூடவே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. அதுதான் இந்த நடையின் அருமை. நடுவில் வின்டர்எக் என்று ஒரு நிலையம் இருக்கிறது. யார் மக்கர் பண்ணினாலும் அங்கே ரயிலில் ஏற்றிவிடலாம். அப்படி ஒரு வழி இருப்பது பெற்றோருக்குத் தெரிந்தால் போதும், பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.

பாதை தொடங்குமிடத்தில் மஞ்சள் பலகை. சுவிட்சர்லாந்தில் எங்கே போனாலும் இந்தப் பலகைதான் தெய்வம். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம். முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை. வழுக்கும், சரிவு இருக்கும், கால் பழகியிருக்க வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் கோடரியும் கேட்கிற பாதை, அந்தப் பக்கமே நமக்கு வேலையில்லை. 1979இல் மக்களிடம் வாக்கெடுத்து, நடைபாதைகளை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்த நாடு இது. மொத்தம் 65,000 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை. அத்தனைக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து. பெரியவனுக்குப் படிக்கத் தெரிந்ததிலிருந்து வழிகாட்டும் உத்தியோகத்தை அவனிடம் கொடுத்துவிட்டோம். பலகையைப் பார்த்து அவன் சொல்வான், நாங்கள் பின்னால் போவோம். வழிகாட்டிக்குக் கால் வலிக்காது என்பது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு.

பலகையில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பக்கூடாது. சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவருக்கான கணக்கு அது. உட்காருவது, தின்பது, ஷூவுக்குள்ளிருந்து கல்லை எடுப்பது எதுவும் அதில் சேராது. எங்கள் கணக்கு, போட்டிருப்பதற்கு இரண்டு மடங்கு. ஓடை குறுக்கே வந்தால் அதற்குத் தனியாக அரை மணி. இன்றைக்கு ஓடைகள் நிறையவே குறுக்கே வந்தன. அத்தையும் சின்னவளும் ஒரே வேகம். ஒருவர் முட்டிக்காக நிற்பார், இன்னொருத்தி பூச்சிக்காக நிற்பாள்; இருவருக்கும் சங்கடம் இல்லை. எதிரே பள்ளத்தாக்கைத் தாண்டி ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் வெயிலில் பளீரென்று நின்றன. பெரியவர்கள் மூவரும் வாயைப் பிளந்து பார்த்தோம். பிள்ளைகள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி" என்று சொல்லித் திரும்ப ஓடையில் அணை கட்டப் போய்விட்டார்கள்.

வின்டர்எக்கில் உணவகமும் விளையாட்டிடமும் உண்டு. வாங்கியது ஐஸ்கிரீம் மட்டும். புளியோதரை கைவசம் இருந்தது.

திரும்பும்போது மியூரனிலிருந்து ஸ்டெஹல்பெர்குக்கு நேராக இறங்கும் புதுக் கேபிள் கார். 2024 டிசம்பரில் திறந்தது. சாய்வு 159 விழுக்காடு. உலகத்திலேயே செங்குத்தான கேபிள் கார் இதுதான் என்கிறார்கள். நாலே நிமிடம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார். சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அம்மாச்சி, கண்ணத் தொறங்க, ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொன்னாள்.

திங்கள், மென்லிஹன் – க்ளைன ஷைடெக்

இந்தப் பகுதியில் குழந்தைகளோடு ஒரே ஒரு நடைதான் போகமுடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். வெங்கனிலிருந்து கேபிள் காரில் சில நிமிடங்களில் மென்லிஹன், 2,200 மீட்டருக்கு மேல். அங்கிருந்து க்ளைன ஷைடெக் 2,061 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட முழு வழியும் இறக்கம், அதுவும் தெரியாத இறக்கம். நாலரைக் கிலோமீட்டர். பலகையில் ஒன்றரை மணிக்குள். நாங்கள் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடித்தோம்.

கேபிள் காரின் கூரைமேல் திறந்த மாடி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் அங்கே நின்று போகலாம். அப்பாவும் மகனும் மேலே, மற்றவர்கள் கீழே. காற்று முகத்தில் அறைய, வெங்கன் கிராமம் காலுக்குக் கீழே சுருங்கிக்கொண்டே போனது. காசுக்குத் தகும்.

மேலே இறங்கியதும் பசு வடிவத்தில் பெரிய மரக் கட்டமைப்போடு விளையாட்டிடம். இங்கேதான் பெற்றோரின் மனோதிடத்துக்குச் சோதனை. ஒன்பதரைக்கே விளையாட விட்டால் நடை போச்சு, விடாவிட்டால் ரகளை. இருபது நிமிடம் என்று பேசி முடித்தோம். பக்கத்திலேயே மென்லிஹன் உச்சிக்கு ஒரு பாதை போகிறது, 2,343 மீட்டர், முடிவில் கிரீடம் மாதிரி வடிவமைத்த மேடை. அங்கே நான் மட்டும் ஓடிப் போய் வந்தேன். அழகுதான். ஆனால் ஏற்றத்தை முதலிலேயே கொடுத்துப் பிள்ளைகளின் பெட்ரோலைத் தீர்த்துவிடக் கூடாது.

பாதையில் இறங்கியதும் இடப்பக்கம் க்ரின்டெல்வால்ட் பள்ளத்தாக்கு, நேரெதிரே ஐகர். பாதை வளைய வளைய அதன் வடக்குச் சுவர் அகன்றுகொண்டே வருகிறது. 1,800 மீட்டர் உயரமுள்ள நெட்டுக்குத்துப் பாறை. 1938 ஜூலையில்தான் முதல்முறையாக ஏறி முடித்தார்கள். இரண்டு ஜெர்மானியர்களும் இரண்டு ஆஸ்திரியர்களும் தனித்தனியாகக் கிளம்பி நடுச்சுவரில் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அதைச் சொன்னதும் பெரியவனுக்கு ஒரே சந்தேகம்: "ராத்திரி எங்கப்பா தூங்கினாங்க?" பாறை விளிம்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே என்றேன். "உச்சா போகணும்னா?" அடுத்த அரைக் கிலோமீட்டர் இந்த ஆராய்ச்சியிலேயே ஓடியது. நானும் தடுக்கவில்லை, கால் நடந்துகொண்டிருந்ததே.

அந்தச் சுவருக்குள்ளேயே சுரங்கம் குடைந்து ரயில் போகிறது. 1896இல் தொடங்கி 1912இல் முடித்தார்கள். அதன் கடைசி நிலையம்தான் யுங்ஃப்ராவ்யோஹ், 3,454 மீட்டர், இந்தியச் சுற்றுலாக் குழுக்கள் அத்தனையும் போகிற இடம். நாங்கள் போகவில்லை, போகப்போவதும் இல்லை. இன்டர்லாக்கனிலிருந்து முழுக் கட்டணம் என்றால் பெரியவர் ஒருவருக்குக் கோடையில் 200 பிராங்குக்கு மேல் ஆகிறது. அந்த உயரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால் அழகு எங்கே தெரியும்? பனி பார்த்தே ஆகவேண்டும் என்ற ஆசை இல்லாத வீட்டுக்கு அந்தப் பணத்தில் இந்த மாதிரி எத்தனையோ நடை கிடைக்கும். அத்தையைக் கேட்டேன். "அங்க போயி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காரதுக்கா? இங்கயே நல்லாருக்கு" என்றார்.

வழியில் லாவ்பர்ஹார்ன் மலையின் அடிவாரத்தைச் சுற்றிப் போகிறோம். குளிர்காலத்தில் இங்கிருந்து வெங்கனுக்குப் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். வேகமான இடத்தில் வீரர்கள் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடுவார்கள். இப்போது அதே சரிவில் பசுக்கள் மேய்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுருதி. சின்னவள் ஒவ்வொரு பசுவுக்கும் பெயர் வைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை பேரும் பசுவாகிவிட்டார்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: வெயில். காற்று ஜில்லென்று இருப்பதால் தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது கட்டுக்கதை. தொப்பி, சன்ஸ்கிரீன் இரண்டும் வேண்டும், அத்தைக்கும் சேர்த்து.

செவ்வாய், மழை

காலையிலிருந்து மழை. எதிர்மலை காணோம், எதிர்வீடே பாதிதான் தெரிகிறது. மழைநாளுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பதில் இருக்கிறது: ட்ரூமெல்பாக். மலைக்குள்ளேயே விழுகிற அருவி. ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியாறுகளும் உருகி வரும் தண்ணீர் பாறையைக் குடைந்து பத்து அடுக்காக இறங்குகிறது. வெயில் காலத்தில் நொடிக்கு 20,000 லிட்டர்வரை. பாறைக்குள்ளே சாய்வான லிஃப்டில் ஏறி, படிகளில் இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும்.

உள்ளே பேசினால் காதில் விழாது. தரை நடுங்குவது காலில் தெரிகிறது. நாலு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. பார்த்த பிறகு காரணம் புரிந்தது. சின்னவள் முதல் அடுக்கிலேயே என் கையை இறுக்கிப் பிடித்தவள், வெளியே வரும்வரை விடவில்லை. வந்ததும், "இன்னொரு தடவை போலாமா?" படிகள் ஈரம், பிடியுள்ள ஷூ அவசியம். உள்ளே குளிரும், ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும்.

மத்தியானம் வீட்டில் ரசமும் அப்பளமும். துணி எதுவும் காயவில்லை.

புதன், பாக்ஆல்ப்ஸே

வானிலைச் செயலியில் காலை முழுக்க வெயில், பிற்பகல் இரண்டுக்கு மேல் இடி. ஆல்ப்ஸில் கோடைக்கால வழக்கமே இதுதான். அதனால் ஆறரைக்கே எழுப்பிவிட்டேன். யாரும் என்னிடம் பேசவில்லை.

வெங்கனிலிருந்து மலையைத் தாண்டி ரயிலிலேயே க்ரின்டெல்வால்ட், அங்கிருந்து ஃபிர்ஸ்ட் என்ற இடத்துக்குக் கேபிள் காரில் இருபத்தைந்து நிமிடம். 2,166 மீட்டர். இறங்கியதும் பாறையை ஒட்டித் தொங்கும் இரும்பு நடைபாதை ஒன்று இருக்கிறது, கட்டணம் இல்லை. அதற்கப்புறம் கம்பியில் பறப்பது, வண்டியில் உருள்வது என்று ஏகப்பட்ட கேளிக்கை, எல்லாவற்றுக்கும் வரிசை, எல்லாவற்றுக்கும் காசு. முதலில் பாக்ஆல்ப்ஸே ஏரி, மிச்சமெல்லாம் பிறகு என்று ஒரே பிடியாகக் கடந்துவிட்டோம்.

ஏரிவரை மூன்று கிலோமீட்டர், நூறு மீட்டர் ஏற்றம். அந்த ஏற்றம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வருகிறது. அங்கேதான் பெரியவன் உட்கார்ந்துவிட்டான். சின்னவள் இல்லை, பெரியவன். கால் வலி, தாகம், போரடிக்குது, எதற்கு ஏரி, நம்ம ஊரில் ரைன் ஆறு இல்லையா? ஒன்பது வயதில் இதெல்லாம் வரும். கெஞ்சினால் நீளும் என்பது மனைவியின் கொள்கை. எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். அத்தை மெதுவாக மேலே நடந்துகொண்டே இருந்தார். பாதி ஏற்றத்தில் நின்று, "ஏய் தம்பி, இங்க ஏதோ விசிலடிக்குது, என்னன்னு வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

மர்மோட். பூனையை விடக் கொழுத்த, பழுப்பு நிற மலை அணில் வகை. ஆபத்து என்றால் ஒன்று விசிலடிக்கும், மற்றதெல்லாம் வளைக்குள் பாயும். வருஷத்தில் பாதியை அவை தூங்கியே கழிக்கும். விசில் கேட்ட திசையில் ஒன்று பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு கால் வலி பற்றிய பேச்சே இல்லை. விசில் வரும் பக்கமெல்லாம் ஓட்டம்தான். அணில், பசு, தண்ணீர், எறியக் கல், ஏறப் பாறை இவற்றில் ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால் பிள்ளைகள் எவ்வளவு தூரமும் நடப்பார்கள். அகலமான, சீரான, பார்க்க அழகான பாதையில்தான் அழுவார்கள். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை விட இதைத்தான் பார்க்கிறேன்.

பாதை மேய்ச்சல் நிலத்தின் ஊடே போவதால் மின்வேலிக் கதவுகள் வரும். பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்துக் கொக்கியை எடுத்து, எல்லோரும் கடந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டாமல் போவது இந்த ஊரில் பெரிய குற்றம். அந்த வேலையும் பெரியவனுக்கே. கன்றோடு இருக்கும் தாய்ப்பசுவுக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகளும் உண்டு. அதற்கு இரண்டடி தள்ளி ஒரு குடும்பம் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர். "அது தலையக் குனியுது பாருங்க, முட்டப்போவுது, சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார். போய்ச் சொன்னேன். நல்லவேளை, கேட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஏரி வந்தது. ஒன்றல்ல, ஒரு சின்னத் தடுப்புக்கு மேலும் கீழுமாக இரண்டு. தண்ணீர் அசையாமல் கிடந்தால் ஷ்ரெக்ஹார்ன் சிகரம், 4,078 மீட்டர், அப்படியே தலைகீழாகத் தெரியும். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குத் தெரிந்தது மூன்று நிமிடம். அப்புறம் பெரியவனும் சின்னவளும் கல்லெறிய ஆரம்பித்துவிட்டார்கள். முக்காலியில் கேமரா வைத்திருந்த ஒருவர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிள்ளைகளை ஏரியின் மறுகோடிக்கு ஓட்டிக்கொண்டு போனோம்.

ஷூவைக் கழற்றிக் காலை விட்டால் பத்து எண்ணுவதற்குள் மரத்துவிடுகிறது. யார் அதிக நேரம் என்று போட்டி. அத்தை புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார், ஜெயித்தவர் அவர்தான். தயிர் சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் 2,265 மீட்டர் உயரத்தில் எப்படி இருந்தன என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஒன்று மட்டும்: கிராமத்துக் குழாய்த் தொட்டிகளில் குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாலொழிய தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆனால் மாடு மேயும் இடத்து ஓடைத் தண்ணீரையும் ஏரித் தண்ணீரையும் குடிக்க விடாதீர்கள். பாட்டில் நிரம்பி இருக்கட்டும்.

பன்னிரண்டரைக்கே மேற்கில் மேகம் கறுத்தது. இடி வந்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். மரமே இல்லாத மேட்டில் பிள்ளைகளோடு மாட்டிக்கொள்ளக் கூடாது. வரும்போது இரண்டு மணி நேரம் ஆன பாதையைத் திரும்பும்போது ஐம்பது நிமிடத்தில் முடித்தோம். இறங்கும் வழியில் போர்ட் நிலையத்தில் இன்னொரு விளையாட்டிடம். மழைத்துளி விழும்வரை அங்கே. ஒதுக்கிவைத்த கேளிக்கைகளை யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வியாழன்

இன்று நடை கிடையாது. அத்தைக்கு முட்டியில் தைலம், சின்னவளுக்குக் குதிகாலில் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், பெரியவனுக்குப் புத்தகம், எனக்குத் துணி துவைக்கும் முறை. நடுவில் இப்படி ஒரு நாள் இல்லாமல் திட்டம் போடுகிறவர்கள் பிள்ளை இல்லாதவர்கள்.

வெள்ளி, ஆல்மென்ட்ஹூபல்

ஆகஸ்ட் 1. சுவிஸ் தேசிய நாள். 1291இல் மூன்று பள்ளத்தாக்குக்காரர்கள் சேர்ந்து செய்த ஒப்பந்தத்தை நினைத்துக் கொண்டாடுவது. காலையில் பேக்கரியில் குட்டிக் காகிதக் கொடி குத்திய ரொட்டி. கொடிக்காகவே இரண்டு கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று.

மறுபடி மியூரன். அங்கிருந்து 1912இல் போட்ட கம்பி இழுவை ரயிலில் ஆல்மென்ட்ஹூபல், 1,907 மீட்டர். இங்கே பூப்பாதை ஒன்று இருக்கிறது, சுமார் 150 வகை மலைப்பூக்கள், பெயர்ப் பலகையோடு. பூக்கள், பூச்சிகள் வடிவில் விளையாட்டிடமும் உண்டு. பிள்ளைகள் அங்கே, அத்தை பூப்பாதையில். நீல ஜென்டியன், மஞ்சள் ஆர்னிகா, வாடிக்கொண்டிருந்த சிவப்பு ஆல்ப்ஸ் ரோஜா. பெயரில்தான் ரோஜா, உண்மையில் ரோடோடென்ட்ரான். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று சொல்கிற மரத்தின் சொந்தக்காரி. பேர்போன எடல்வைஸ் பூவைத் தேடிக் கண்டுபிடித்தபோது, "இதுக்கா இவ்வளவு பேரு? சாம்பல் பூசின மாதிரி இருக்கு" என்றார் அத்தை. பறிக்கக் கூடாது என்று சொன்னேன். "யாரு பறிக்கப்போறா" என்று நடந்தார்.

அங்கிருந்து மியூரனுக்கு நடந்தே இறங்கினோம். சின்னவள் கடைசிக் கால்மணி என் தோளில்.

ராத்திரி வெங்கனில் பிள்ளைகள் காகித விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எதிர்மலைகளில் ஆங்காங்கே சொக்கப்பனை. வறண்ட ஆண்டுகளில் தீ மூட்டத் தடை போட்டுவிடுவார்கள். இந்த வாரம் பெய்த மழைதான் காப்பாற்றியது. அத்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை. கார்த்திகைக்கும் இதே கணக்குத்தானே என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் தமிழிலேயே விளக்கினார். அவரும் தலையாட்டிக்கொண்டே சுவிஸ் ஜெர்மனில் ஏதோ விளக்கினார். ரொம்ப நேரம் பேசினார்கள்.

சனி, ரயிலில்

நண்பர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கெல்லாம் இங்கேயே பதில். ஆறு வயதுக்குக் கீழ் ரயிலில் டிக்கெட் கிடையாது. ஆறு முதல் பதினைந்து வயதுவரை ஜூனியர் கார்டு, ஆண்டுக்கு 30 பிராங்க், பெற்றோரோடு போனால் ரயில், பஸ், கப்பல் இலவசம். பெரும்பாலான மலை ரயில்களும் கேபிள் கார்களும் அதை ஏற்கின்றன. எங்கே ஏற்பதில்லை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டை இல்லாமல் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மாதத்துக்கான அட்டை தனியாக உண்டு. அத்தைக்கு அதுதான் எடுத்தோம்.

மஞ்சள் பாதைக்கு நல்ல பிடியுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். வெள்ளை-சிவப்பு என்றால் கணுக்காலை மூடும் ஷூ. பிள்ளைகளுக்கு அடுத்த கோடைக்குள் சிறிதாகிவிடும், அதனால் பழையதாக வாங்குங்கள். தள்ளுவண்டியைக் கொண்டுவருவதானால் பெரிய சக்கரம் உள்ளது. திங்கள்கிழமை நடந்த பாதையில் அப்படி இரண்டைப் பார்த்தேன், தள்ளியவர்களின் முகத்தையும் பார்த்தேன். வானூர்தி மீட்புப் படையின் எண் 1414, போனில் சேமித்து வையுங்கள். மழைக்கோட்டு வெயிலடித்தாலும் பையில். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி காலுறை கூடுதலாக, ஓடைகளை மனதில் வைத்து.

துன் ஏரி இடப்பக்கம் போன வாரம் வந்தது, இப்போது வலப்பக்கம் போகிறது. பெரியவன் மடியில் வரைபடம். ஏணி உள்ள பாதை எதிலெல்லாம் போகலாம் என்று கேட்கிறான். வெள்ளை-நீலத்தில் விரல் வைத்திருக்கிறான். அவன் அம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.